ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை

ஊருக்கு வெளியே, சுடுகாட்டையும் தாண்டி, செத்த மாட்டைப் போடுவதற்கென்று ஓர் இடம் இருந்தது. மாடு செத்தால் சேரிக்கு ஆள் அனுப்புவார்கள். வந்தவர்கள் மாட்டைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் அங்கே கிடத்தி, தோலை உரித்து எடுத்துக்கொள்வார்கள். தோல் போன பிறகு கிடக்கும் இருநூறு முந்நூறு கிலோ உடல் என்ன ஆனது என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. காலையில் போட்ட மாடு உச்சிப்பொழுதுக்குள் வெறும் எலும்பாகக் கிடக்கும்.

ஊரின் சுகாதாரம் அன்று இரண்டு பேரின் உழைப்பில் நின்றது. ஒருவர், சாதியின் பெயரால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்ட மனிதர். மற்றது, வானத்திலிருந்து இறங்கி வந்த பறவை. இருவரையுமே ஊர் அருவருப்போடுதான் பார்த்தது. அருவருப்பாகப் பார்க்கப்படும் வேலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. இந்த அத்தியாயம் அந்தப் பறவையின் வேலையைப் பற்றியது; அது நின்றுபோனபோது வந்த செலவைப் பற்றியது.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் பள்ளியில் படித்த பறவையின் பழந்தமிழ்ப் பெயர் பாறு. கழுகு வேட்டையாடும், பாறு வேட்டையாடாது, செத்ததை மட்டுமே தின்னும். இந்த வேறுபாட்டுக்காகவே பறவை ஆர்வலர்கள் அண்மைக்காலத்தில் அந்தப் பெயரை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள் முகப் பாறு என நான்கு வகைகள் உண்டு. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளையில் குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்ன வந்தவை மஞ்சள் முகப் பாறுகள். இராவணனோடு போரிட்டு இறகிழந்த சடாயுவும் இந்த இனம்தான். புள்ளிருக்குவேளூர் எனும் வைத்தீசுவரன்கோயிலின் பெயரிலுள்ள ‘புள்’ அவனே என்பார்கள். புராணத்தில் இவ்வளவு மரியாதை பெற்ற பறவை, வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் அபசகுனம் ஆகிவிடும்.

பாறு செய்யும் வேலையின் சிறப்பு அதன் வேகத்தில் இருக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் வெப்பக் காற்றில் ஏறிக்கொண்டு, இறக்கை அசைக்காமல் மணிக்கணக்கில் அது வட்டமிடும். நம் நாட்டுப் பாறுகள் இரையை மோப்பத்தால் தேடுவதில்லை, கண்ணால் தேடுகின்றன. ஒவ்வொன்றும் தரையைப் பார்க்கிறது. கூடவே, தூரத்தில் பறக்கும் அடுத்த பறவையையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று சரேலென்று கீழே இறங்கினால் பக்கத்து வானத்தில் இருப்பதும் திரும்பும், அதைப் பார்த்து அதற்கும் அப்பால் இருப்பது. இப்படிச் செய்தி கைமாறிக் கைமாறி, சற்று முன்வரை வெறுமையாக இருந்த வானத்திலிருந்து சில நிமிடங்களில் ஒரு கூட்டமே வந்து இறங்கிவிடும். கூட்டமாக உட்கார்ந்தால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். தலையையும் கழுத்தையும் உடலுக்குள் விட்டுத் தின்பதால் அங்கே இறகு இல்லை. இருந்தால் இரத்தம் ஒட்டி அழுகும்.

வயிறு இன்னும் ஆச்சரியமானது. அதன் அமிலத்தின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 1. எலுமிச்சைச் சாற்றின் மதிப்பு 2க்கு மேல். இந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த வயிறு எப்பேர்ப்பட்ட உலை என்பது புரியும். அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிப் பறவைகள் இரண்டு வகைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, முகத்துத் தோலில் சராசரியாக 528 வகை நுண்ணுயிரிகளையும் குடலில் 76 வகைகளை மட்டுமே கண்டது. வாய்க்கும் குடலுக்கும் நடுவே பெரும்பாலானவை அழிந்துபோகின்றன. அழுகும் உடலில் பெருகும் கிருமிக்குப் பாறின் வயிறு ஒரு முட்டுச்சந்து. அந்தப் பக்கம் போனதில் பெரும்பகுதி வெளியே வராது.

நாய், எலி, காகம் ஆகியவையும் செத்த மாட்டைத் தின்னும்தானே என்று கேட்கலாம். தின்னும். ஆனால் மெதுவாக, நாள்கணக்கில், மிச்சம் வைத்துத் தின்னும். அதற்குள் உடல் அழுகி, மழை பெய்தால் வாய்க்காலில் இறங்கி, குட்டையில் கலந்துவிடும். தின்ற நாயும் எலியும் திரும்பி வருவது நம் தெருவுக்கு.

இந்த வேகத்தை நம்பித்தான் இந்தியாவின் கால்நடைப் பொருளாதாரம் இயங்கியது. நாட்டில் சுமார் 50 கோடிக் கால்நடைகள். மாடுகளில் பெரும்பகுதி இறைச்சிக் கூடத்துக்குப் போவதில்லை. வயதாகியோ நோய் கண்டோ சாகின்றன. வேறு நாடுகளில் இத்தனை உடல்களை அகற்ற வண்டிகளும் எரியுலைகளும் வேண்டியிருக்கும். இங்கே அப்படியொரு ஏற்பாட்டைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. பல கோடிப் பாறுகள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தன. அவை விட்டுப்போன சுத்தமான, உலர்ந்த எலும்பைப் பொறுக்கி விற்று ஒரு கூட்டம் பிழைத்தது. அந்த எலும்பு உரமாகியது. ஜெலட்டினாகி மாத்திரை உறையாகியது. மும்பை மலபார் குன்றில் பார்சி மக்கள் தங்கள் இறந்தோரை மௌனக் கோபுரத்தில் கிடத்தியதும் இதே பறவையை நம்பித்தான். நெருப்பும் மண்ணும் மாசுபடக் கூடாது என்ற அவர்களது சமய விதியைக் காப்பாற்றிக் கொடுத்தது பாறு.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறுகளை எண்ணிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ், 353 இணைகள் கூடு கட்டியிருந்ததைப் பதிவு செய்தார். அப்போது அந்தப் பறவையை யாரும் அரிது என்று நினைக்கவில்லை; உலகிலேயே மிக அதிகமாக உள்ள பெரிய இரைகொல்லிப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்றுகூடச் சொன்னார்கள். பத்து ஆண்டு கழித்து அவர் மறுபடி எண்ணியபோது பாதிக்கும் குறைவாகவே இருந்தன. கூட்டிலேயே செத்துக் கிடந்தவை, கிளையில் தொங்கியபடி செத்தவை, கழுத்தை மார்பின்மேல் தொங்கவிட்டு நாள்முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தவை. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. அதற்கு நெருங்கிய வேறு இரண்டு வகைகள் ஏறத்தாழ 97 விழுக்காடு. மனிதன் வேட்டையாடாமலேயே ஒரு பறவை இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு வரலாற்றில் ஈடு தேடுவது கடினம்.

வைரஸ் என்றார்கள். பூச்சிக்கொல்லி என்றார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம் இருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய கழிவு உடலுக்குள்ளேயே உறைந்துவிட்டது. சிறுநீரகத்தைக் கெடுத்தது எது?

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியல் அறிஞரின் குழு, வழக்கமான சந்தேகங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு எளிமையான கேள்வியொன்றைக் கேட்டது. பாறுகள் தின்பது மாட்டை. அப்படியானால் மாட்டுக்கு மக்கள் என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருந்துக் கடைகளை விசாரித்ததில் ஒரு பெயர் தனித்து நின்றது: டைக்ளோஃபினாக். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் விழுங்கும் அதே மருந்து. யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25இலும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

மருந்து புதியதில்லை. 1990களின் நடுவில் பல நிறுவனங்கள் அதை மலிவாகத் தயாரிக்கத் தொடங்கின. விலை இறங்கியதும் மாட்டுக்கும் போடத் தொடங்கினார்கள். இதில் விவசாயியைக் குறைசொல்ல என்னால் முடியாது. உழவு நேரத்தில் காளை நொண்டினால், பால்மாட்டுக்கு மடிநோய் வந்து துடித்தால், ஓர் ஊசியில் அது எழுந்து நிற்கிறது என்றால் யார்தான் போடமாட்டார்கள்? மாட்டுக்கு அது நல்ல மருந்து. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால் மட்டுமே அது விஷம். அப்படிப்பட்ட உடல்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். கூடித் தின்பது பாறின் பலம். மருந்தேறிய ஒரு மாட்டில் ஒரு கூட்டமே விழுந்தபோது அந்தப் பலமே அதற்கு எமனாக வந்தது.

பாறு போன பிறகும் மாடுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. உடல்கள் கிடந்தன. நாய்களுக்கு ஆண்டு முழுவதும் விருந்து. 2008இல் அனில் மார்க்கண்டேயாவும் உடன் ஆய்வாளர்களும் போட்ட கணக்கின்படி 1992க்கும் 2003க்கும் இடையில் தெருநாய்கள் சுமார் 55 லட்சம் கூடின. அதனால் கூடுதலாக ஏறத்தாழ 3.85 கோடி நாய்க்கடிகள், வெறிநாய்க்கடி நோயால் 47,000க்கும் மேற்பட்ட கூடுதல் சாவுகள். பதினான்கு ஆண்டுகளில் சமூகம் கொடுத்த விலை 3,400 கோடி டாலர். ஒரு பறவையின் வேலைக்குப் போடப்பட்ட முதல் பெரிய ரசீது இது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பலவீனம் இருந்தது. நாய், கடி, சாவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அனுமானங்களை அடுக்கித்தான் அந்தத் தொகைக்கு வர முடிந்தது. தண்ணீர் கெட்டதால் வந்த நோய்கள் அதில் வரவே இல்லை. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். இந்தியாவில் எல்லா மாவட்டங்களும் பாறுக்கு ஏற்றவை அல்ல. முன்பு பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும், எப்போதுமே அவை குறைவாக இருந்த மாவட்டங்களையும் பிரித்துக்கொண்டார்கள். மருந்தின் விலை விழுந்த ஆண்டை நடுக்கோடாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் இரு பக்கத்திலும் எத்தனை மனிதர்கள் இறந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். முன்னர் இரு பக்கமும் ஏறக்குறைய இணையாகவே போய்க்கொண்டிருந்தது. பின்னர் பாறு இருந்த மாவட்டங்களில் மட்டும் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை கூடியது. ஆற்று நீரின் தரம் கெட்டது.

2000 முதல் 2005 வரை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுதல் சாவுகள். மொத்தத்தில் ஐந்து லட்சம் பேர். 2024இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் இது வெளிவந்தது. அந்தச் சாவுகளின் பொருளாதார இழப்பு ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. இந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உயிராபத்தைச் சிறிது குறைத்துக்கொள்ள மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதிலிருந்து, ஓர் இந்திய உயிருக்கு ஏறத்தாழ 6.65 லட்சம் டாலர் என்று பொருளியலில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அதைச் சாவு எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதே இந்தத் தொகை. வேறு மதிப்பீட்டை எடுத்தால் வேறு தொகை வரும். எனவே நான் டாலரைவிட அந்த ஐந்து லட்சத்தையே பிடித்துக்கொள்கிறேன். அந்த ஐந்து லட்சம் பேரில் ஒருவருக்கும், தான் சாவது ஒரு பறவை இல்லாமல் போனதால் என்று தெரிந்திருக்காது. அவர்கள் வீட்டாருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவமனைச் சீட்டில் காய்ச்சல் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ நாய்க்கடி என்றோ எழுதியிருக்கும்.

இயற்கை செய்து தரும் வேலைகளுக்கு விலை போடலாமா என்ற விவாதம் பழையது. 1997இல் ராபர்ட் காஸ்டான்சாவின் குழு, உலகம் முழுவதும் இயற்கை ஓராண்டில் செய்யும் வேலையின் மதிப்பு சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று அறிவித்தபோது, விலையே இல்லாததற்கு விலை பேசுகிறார்கள் என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. உலகம் மொத்தத்துக்கும் ஒரே எண் என்பது எனக்கும் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஆனால் இன்ன பறவை, இன்ன மாவட்டம், இன்ன ஆண்டு என்று இறங்கி வந்து கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு பேசுகிறது. அந்த எண் 1994இல் யாராவது ஒரு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் மேசையில் இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடுவதில்லை.

பாறுகள் செத்துப்போகாமலேயே அவற்றின் வேலையை மனிதன் பிடுங்கிக்கொண்ட கதை ஒன்றும் இருக்கிறது. அது ஸ்பெயினில் நடந்தது. மாடுகளின் மூளையைத் தாக்கும் பித்து நோய் ஐரோப்பாவைப் பீதியில் ஆழ்த்தியபோது, 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் செத்த கால்நடைகளை வயலிலும் மலையிலும் விட்டுவைக்கக் கூடாது என்று விதித்தது. ஸ்பெயினின் மலைகளில் ஏராளமான பாறுகள் உண்டு. அவை பட்டினி கிடந்தன. மேய்ச்சல் நிலங்களில் செத்த மாட்டையும் ஆட்டையும் லாரியில் ஏற்றி, ஆலைக்குக் கொண்டுபோய் அழித்தார்கள். அதுவரை இலவசமாக நடந்த வேலைக்கு இதனால் டீசல் பில்லும் காப்பீட்டுத் தவணையும் முளைத்தன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூட்டிப் பார்த்தது: ஆண்டுக்கு 77,344 டன் கரியமில வாயுவுக்கு இணையான புகை, காப்பீட்டுக்கு மட்டும் சுமார் 5 கோடி டாலர். பின்னர் விதியைத் தளர்த்தினார்கள். பாறுகள் உயிரோடு இருந்ததால் தளர்த்தியதும் வேலைக்குத் திரும்ப முடிந்தது. நமக்கு அந்த வசதி இல்லை.

இந்தியா 2006இல் மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதைத் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே காலத்தில் செய்தன. மாற்று மருந்தும் கிடைத்தது. மெலாக்சிகாம் என்ற அது மாட்டின் வலியைப் போக்கும், பாறுகளைக் கொல்லாது. பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்த பிறகுதான் பரிந்துரைத்தார்கள். ஆனால் மனிதருக்கான டைக்ளோஃபினாக் பெரிய குப்பிகளில் விற்றுக்கொண்டே இருந்தது. ஒரு குப்பியில் ஒரு மாட்டுக்குப் போதும் அளவு இருந்ததால் அதுவே தொழுவத்துக்குப் போனது. 2015இல் குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைக்க ஆணை வந்தது. இதற்குள் வேறு பெயரில் வேறு மருந்துகள் நுழைந்திருந்தன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். கீட்டோபுரோஃபெனும் பாறின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த இரண்டுக்கும் கால்நடைகளில் தடை வந்தது 2023இல். முதல் தடைக்குப் பின் பதினேழு ஆண்டுகள். ஒவ்வொரு மருந்தும் சந்தைக்கு வந்து, பறவைகளைக் கொன்று, ஆய்வில் நிரூபணமாகி, பிறகே தடையாகிறது. புதிய கால்நடை மருந்து எதையும் விற்பனைக்கு விடும் முன்பே பாறுக்கு அது பாதுகாப்பானதா என்று சோதித்துவிட்டால் இந்த ஓட்டம் நிற்கும். அதற்கு ஆகும் செலவு மேலே சொன்ன எந்தத் தொகைக்கும் பக்கத்தில்கூட வராது.

தென்னிந்தியாவில் பாறுகள் தப்பிப் பிழைத்த இடங்களில் முக்கியமானது நீலகிரியின் வடக்கு அடிவாரம். முதுமலைக்குக் கிழக்கே சீகூர் பீடபூமி, அதன் ஓரத்தில் மாயாறு ஓடும் ஆழமான பள்ளத்தாக்கு. அங்கே புலியும் செந்நாயும் கொன்று மிச்சம் வைக்கும் மானும் காட்டெருமையும் இருப்பதால், மருந்து ஏறிய மாட்டை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை அவற்றுக்கு வரவில்லை. ஆற்றோரத்து நீர்மருதின் உச்சிக் கிளைகளில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடக வனத்துறைகள் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பாறுகள் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் 320. பத்து மாத இடைவெளியில் பறவை பெருகிவிடவில்லை, எண்ணிய இடங்களும் பொழுதும் மாறியிருக்கும். ஆனாலும் ஒரு காலத்தில் ஒரே ஊர் மாட்டுத்திடலில் சாதாரணமாகக் கூடிய கூட்டம், இன்று மூன்று மாநிலக் காடுகளின் மொத்தக் கணக்கு.

வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கும் மேல் ஆகும். அந்தக் குஞ்சு வளர்ந்து முதல் முட்டை இட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வேண்டும். இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் போய்வரக்கூடிய பறவை அது. காட்டின் எல்லை அதற்குத் தெரியாது. அதனால்தான் பாறுகளுக்கான பாதுகாப்பு வளையத்தைக் கூட்டிலிருந்து நூறு கிலோமீட்டர் ஆரத்துக்குப் போடுகிறார்கள். மாயாற்றைச் சுற்றி அப்படி ஒரு வட்டம் வரைந்தால் மசினகுடியும் சத்தியமங்கலமும் மட்டுமல்ல, கோயம்புத்தூரும் மைசூரும்கூட அதற்குள் வந்துவிடும். இந்தப் பருவத்தில் நீர்மருதில் பொரிக்கும் குஞ்சு தன் முதல் முட்டையை இடும்வரை, அந்த வட்டத்துக்குள் வெளியில் போடப்படும் ஒவ்வொரு மாட்டின் உடலிலும், கடைசியாகப் போட்ட ஊசி எது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.